ஆர்ம்ஸ்ட்ராங் எந்த ஊருக்குச் சொந்தம்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கலைஞர் புகழ் பெற்றுவிட்டால் அவர் பிறந்த ஊருக்கும் தனிப் பெருமை வந்துவிடுகிறது. 'இவர் எங்கள் ஊர்ப் பிள்ளை' என்று சொல்லிக்கொள்வதில் யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது? ஆனால் அந்தப் பிள்ளை ஊரில் இருந்தபோது ஊர் அவரை எப்படி நடத்தியது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், பெருமையோடு கொஞ்சம் சங்கடமும் வந்து சேரும். இன்றைய கருத்தரங்கின் தலைப்பு அதைப் பற்றியதுதான். ஓர் இசைக் கலைஞர் விட்டுச் சென்ற புகழுக்கு, அவர் பிறந்த ஊர் உரிமை கோரலாமா?

இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் முடிவு கிடைக்காது. ஒரு கலைஞரையும் ஓர் ஊரையும் எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பதுதான் நல்லது. கலைஞர், ஜாஸ் இசை மேதை லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங். ஊர், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ்.

ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பெயரைக் கேள்விப்படாத நேயர்கள்கூட அவருடைய குரலை எங்காவது கேட்டிருப்பார்கள். 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' என்ற பாடலை 1967இல் பதிவு செய்தவர் அவர். கரகரப்பான குரல், முகம் கொள்ளாத சிரிப்பு, கையில் டிரம்பெட், நெற்றி வியர்வையைத் துடைக்க ஒரு வெள்ளைக் கைக்குட்டை. 20ஆம் நூற்றாண்டின் இசையையே திசை திருப்பியவர் என்று இசை வரலாற்று ஆசிரியர்கள் அவரைச் சொல்கிறார்கள்.

இன்று நியூ ஆர்லியன்சுக்கு விமானத்தில் செல்பவர் இறங்குவதே அவர் பெயர் கொண்ட விமான நிலையத்தில்தான். அவர் பிறந்து நூறு ஆண்டு நிறைந்த 2001ஆம் ஆண்டில் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். நகருக்குள் போனால் 1980இல் திறக்கப்பட்ட ஆர்ம்ஸ்ட்ராங் பூங்கா இருக்கிறது. அதில் அவருக்குச் சிலை இருக்கிறது. 2001 முதல் அவர் பெயரில் கோடைக்கால இசை விழாவும் நடந்து வருகிறது.

ஆனால் அவருடைய கல்லறை அங்கே இல்லை. அவர் வாழ்ந்து மறைந்த வீடும் அங்கே இல்லை. அவர் பொத்திப் பொத்திச் சேர்த்து வைத்த ஒலிநாடாக்களும் படங்களும் கடிதங்களும் அங்கே இல்லை. அவையெல்லாம் ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தொலைவில், நியூயார்க் நகரின் குவீன்ஸ் வட்டாரத்தில் இருக்கின்றன. கண்ணனைப் பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை என்று சொல்வோமே, அது போன்ற வழக்குத்தான் இதுவும்.

ஊர் கொடுத்தது என்ன?

முதலில் பெற்ற தாயின் பக்கத்தைக் கேட்போம்.

ஆர்ம்ஸ்ட்ராங் 1901ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் நியூ ஆர்லியன்சில் பிறந்தார். 1900ஆம் ஆண்டு ஜூலை 4, அதாவது அமெரிக்கச் சுதந்திர தினத்தில் பிறந்ததாகத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். அவர் மறைந்த பிறகு, 1980களில், தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடி எடுத்தபோதுதான் சரியான தேதி தெரிந்தது. அந்த அளவுக்கு, பிறப்பைக்கூட யாரும் பொருட்படுத்திக் குறித்து வைக்காத ஏழைக் குடும்பம். தந்தை விட்டுப் போய்விட்டார். தாய் மிக இளம் வயதுப் பெண். சிறு வயதில் பாட்டியிடம் வளர்ந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. அடிதடியும் சூதாட்டமும் நிறைந்த அந்தக் குடியிருப்பை மக்கள் 'போர்க்களம்' என்றே அழைத்தார்கள்.

ஆனால் அந்தத் தெருக்களில் பொழுது விடிந்தால் பொழுது போனால் இசைதான். நகரின் காங்கோ சதுக்கத்தில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி மேளம் அடித்து ஆடியது 18, 19ஆம் நூற்றாண்டுகளில். அந்தத் தாளமும், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச் சென்ற ஐரோப்பிய இசையும், தேவாலயப் பாடல்களும், ராணுவ அணிவகுப்பின் பித்தளை வாத்தியங்களும் ஒரே ஊரில் கலந்தன. இந்தக் கலப்பில் உருவானதுதான் ஜாஸ். கர்நாடக இசையில் மனோதர்மம் என்று சொல்கிறோமே, அதுபோல மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பதுதான் அதன் உயிர்.

அங்கே இறுதி ஊர்வலத்துக்கும் வாத்தியக் குழு வரும். இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவான சோக இசை. திரும்பி வரும்போது துள்ளல் இசை. வாத்தியக் குழுவுக்குப் பின்னால் ஊர் மக்கள் ஆடிக்கொண்டே வருவார்கள். அந்தக் கூட்டத்தில் ஓடிய சிறுவர்களில் ஒருவர்தான் ஆர்ம்ஸ்ட்ராங்.

கர்நாஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தினரின் வண்டியில் அவர் எடுபிடி வேலை செய்தார். வாடிக்கையாளர்களை அழைக்கத் தகர ஊதுகுழல் ஊதுவார். பழைய கோர்னெட் ஒன்றை வாங்க அந்தக் குடும்பத்தினர் முன்பணம் கொடுத்து உதவியதை 1969இல், மருத்துவமனையில் இருந்தபோது, நன்றியோடு எழுதி வைத்தார்.

1912 டிசம்பர் 31 இரவில், புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் வீட்டிலிருந்த துப்பாக்கியை எடுத்து வானத்தை நோக்கிச் சுட்டுவிட்டார். வயது 11. போலீஸ் பிடித்துக் கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் சேர்த்தது. அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர்தான் முறையாக வாசிக்கக் கற்றுக் கொடுத்தார். கொஞ்ச காலத்தில் அந்த இல்லத்தின் வாத்தியக் குழுவுக்கே ஆர்ம்ஸ்ட்ராங் தலைவரானார்.

அதன் பிறகு நடந்ததை அவர் 1954இல் வெளிவந்த தன் சுயசரிதையில் சொல்கிறார். ஒரு நாள் அந்த வாத்தியக் குழு அவருடைய சொந்தக் குடியிருப்பின் வழியாக ஊர்வலம் போனது. 'நம்ம பையன்' முன்னால் வாசித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் மக்கள் ஓடி வந்தார்கள். சூதாடிகள், சில்லறைத் திருடர்கள், உடல் விற்றுப் பிழைத்தவர்கள், பிச்சைக்காரர்கள் என ஊர் ஒதுக்கி வைத்த அத்தனை பேரும் கையிலிருந்த காசைக் கொடுத்தார்கள். குழுவில் இருந்த எல்லாருக்கும் புதுச் சீருடையும் புது வாத்தியங்களும் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்ந்துவிட்டதாம்.

நேயர்கள் இந்த நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு அவருடைய ஊர் கொடுத்தது என்று எதையாவது சொல்ல முடியுமானால் அது இதுதான்.

ஊர் மறுத்தது என்ன?

1922 ஆகஸ்டில் அவர் ரயிலேறிச் சிகாகோ போனார். குருநாதர் ஜோ 'கிங்' ஆலிவர் தந்தி அடித்து அழைத்திருந்தார். அதன் பிறகு நியூ ஆர்லியன்சில் அவர் நிரந்தரமாகக் குடியிருக்கவே இல்லை. முதல் இசைத்தட்டுப் பதிவு 1923இல் இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் நடந்தது. ஜாஸ் வரலாற்றையே மாற்றிய 'ஹாட் ஃபைவ்' பதிவுகள் 1925 முதல் சிகாகோவில் நடந்தன. உலகம் கொண்டாடும் ஆர்ம்ஸ்ட்ராங் உருவானது வெளியூரில்தான் என்று வாதாடுபவர்களுக்கு இவை வலுவான சான்றுகள்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1931இல், பெரும் புகழோடு ஊர் திரும்பினார். நகருக்கு வெளியே வெள்ளையர்களுக்கு மட்டுமான ஒரு கேளிக்கை விடுதியில் நிகழ்ச்சி. வானொலியில் நேரடி ஒலிபரப்பு. கறுப்பினத்தவர் ஒருவரை அறிமுகப்படுத்த முடியாது என்று வெள்ளை அறிவிப்பாளர் மறுத்துவிட்டார். ஆர்ம்ஸ்ட்ராங் தானே ஒலிவாங்கி முன் வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு வாசித்தார். உள்ளே நுழைய அனுமதி இல்லாத கறுப்பின மக்கள் வெளியே ஆற்றங்கரை மேட்டில் பெருந்திரளாகக் கூடி, சன்னல் வழியாக வந்த இசையைக் கேட்டார்கள்.

அந்தப் பயணத்திலேயே அவர் தன்னை வளர்த்த சீர்திருத்த இல்லத்துக்குச் சென்று பீட்டர் டேவிஸைப் பார்த்தார். உள்ளூர்க் கறுப்பின இளைஞர்களின் பேஸ்பால் குழுவுக்குச் சீருடை வாங்கிக் கொடுத்தார். ஊர் மறுத்தாலும் அவர் ஊரை மறக்கவில்லை.

1949இல் அவருடைய நீண்ட நாள் ஆசை ஒன்று நிறைவேறியது. நியூ ஆர்லியன்சின் மார்டி கிரா திருவிழாவில் 'சூலு' சங்கத்தின் ஊர்வலத்துக்கு அவரை அரசனாக முடிசூட்டி உட்கார வைத்தார்கள். இந்தச் சூலு சங்கம் கறுப்பின மக்களின் சங்கம். நம் ஊர்களில் மரண சகாய நிதி நடத்தும் சங்கங்களைப் போல, நோய் நொடிக்கும் ஈமச் சடங்குக்கும் கைகொடுக்கும் பழக்கத்திலிருந்து வளர்ந்தது. டைம் சஞ்சிகை அதே ஆண்டு அவர் படத்தை அட்டையில் போட்டது.

அடுத்த அடி 1956இல் விழுந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து விளையாடவோ, ஆடவோ, கேளிக்கை நிகழ்ச்சி நடத்தவோ கூடாது என்று லூசியானா மாநிலம் சட்டம் இயற்றியது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் 'ஆல் ஸ்டார்ஸ்' குழுவில் இரண்டு இனத்தவரும் இருந்தார்கள். குழுவைப் பிரித்துக்கொண்டு வந்து வாசிப்பதற்கு அவர் தயாராக இல்லை. 'உலகம் முழுவதும் வரவேற்கிறார்கள், சொந்த ஊரில் வாசிக்க முடியவில்லை' என்ற கருத்தில் மனம் நொந்து பேசினார். அதே 1956இல் கானாவில் அவரை வரவேற்க மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வேதனை புரியும். இன ஒதுக்கலைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் 1964இல் வந்த பிறகு, 1965இல்தான் மறுபடியும் நியூ ஆர்லியன்சில் வாசித்தார்.

அது மாநிலச் சட்டம், நகரம் என்ன செய்யும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அடுத்து வரும் செய்திக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஜேன் ஆலி என்ற சந்தில் அவருடைய பிறந்த வீடாக அறியப்பட்ட சிறிய மரவீட்டை 1964இல் இடித்துவிட்டார்கள். நகரின் நீதிமன்ற, காவல் துறைக் கட்டடங்களுக்கு இடம் தேவைப்பட்டதாம். ஆர்ம்ஸ்ட்ராங் அப்போது உயிரோடுதான் இருந்தார். அதே 1964இல் 'ஹலோ டாலி' பாடல் மூலம், பீட்டில்ஸ் குழுவையே பின்னுக்குத் தள்ளி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தார். அவர் யார் என்று தெரியாமல் வீட்டை இடித்தோம் என்று யாரும் சொல்ல வழியில்லை.

வளர்த்த இடம்

இனி யசோதையின் பக்கம் வருவோம்.

1942இல் ஆர்ம்ஸ்ட்ராங், லூசில் வில்சன் என்ற நடனக் கலைஞரை மணந்தார். அவர் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், 1943இல், லூசில் குவீன்ஸ் வட்டாரத்தின் கொரோனா பகுதியில் ஒரு வீட்டை வாங்கினார். பயணம் முடிந்து வாடகை வண்டியில் வந்து இறங்கிய ஆர்ம்ஸ்ட்ராங், இது தன் வீடுதான் என்று நம்ப முடியாமல் ஓட்டுநரைச் சற்றுக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் தட்டினார் என்பார்கள். தொழிலாளர் குடும்பங்கள் வாழும் சாதாரணத் தெரு அது. பணம் வந்த பிறகும் பெரிய மாளிகைக்கு அவர் மாறவில்லை. வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து தெருப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பார்.

28 ஆண்டுகள் அந்த வீட்டில் வாழ்ந்து, 1971 ஜூலை 6ஆம் நாள் அங்கேயே தூக்கத்தில் காலமானார். அருகிலுள்ள ஃபிளஷிங் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். 1983இல் காலமான லூசில், வீட்டை நியூயார்க் நகருக்கு உயில் எழுதி வைத்திருந்தார். குவீன்ஸ் கல்லூரி பொறுப்பேற்றுப் பராமரித்தது. 2003இல் அது அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. 2023இல் எதிர்ப்புறத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் மையம் என்ற புதுக் கட்டடமும் திறக்கப்பட்டது. வீட்டில் அவரே பதிவு செய்து, தன் கையால் படங்களை வெட்டி ஒட்டி அலங்கரித்த 600க்கும் மேற்பட்ட ஒலிநாடாக்கள் அவருடைய சேகரிப்பில் பாதுகாக்கப்படுகின்றன.

ஆக, காப்பாற்றியது கொரோனா. பெயர் வைத்தது நியூ ஆர்லியன்ஸ். இப்படிச் சொல்லிவிட்டுத் தீர்ப்பை முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் வழக்கில் இன்னொரு சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சி ஆர்ம்ஸ்ட்ராங்கேதான்.

அவர் எந்தப் பக்கம்?

கொரோனாவில் உட்கார்ந்துகொண்டு நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களில், 'அன்புள்ள' என்று முடிக்க வேண்டிய இடத்தில் சிவப்பு அவரையும் சோறும் என்ற நியூ ஆர்லியன்ஸ் உணவின் பெயரை வைத்துக் கையொப்பம் இடுவார். வெளிநாட்டில் இருக்கும் மலேசியர் ஒருவர் 'நாசி லெமாக்குடன் உங்கள்' என்று கடிதத்தை முடித்தால் எப்படி இருக்கும்? அப்படி. வாழ்க்கையைப் பற்றி எழுத உட்கார்ந்த போதெல்லாம் அவர் பேனா அந்தக் குடியிருப்புக்கும் அம்மாவுக்கும் ஊர்வலத்துக்குமே திரும்பத் திரும்பப் போனது. 1954இல் வந்த அந்தச் சுயசரிதை நியூ ஆர்லியன்ஸ் நாட்களைச் சொல்லி, சிகாகோவுக்குப் போய்ச் சேர்வதோடு முடிகிறது.

அப்படியானால் அவர் வெறுத்ததும் நேசித்ததும் ஒரே ஊரையா?

இங்கேதான் கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. 'ஊர்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆர்ம்ஸ்ட்ராங்கின் வரலாற்றில் நியூ ஆர்லியன்ஸ் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருந்தன. சீருடை வாங்கக் காசு கொடுத்தது ஓர் ஊர். ஒலிவாங்கி முன் அவர் பெயரைச் சொல்ல மறுத்தது இன்னோர் ஊர். ஆற்றங்கரையில் நின்று இசை கேட்டது ஓர் ஊர். பிறந்த வீட்டை இடித்தது இன்னோர் ஊர். அவருக்கு முடிசூட்டிய சூலு சங்கம் முதல் ஊரைச் சேர்ந்தது.

உரிமை கோரத் தகுதி உள்ளது முதல் ஊர்தான். ஆனால் விமான நிலையத்துக்குப் பெயர் வைக்கும் அதிகாரமும், பூங்கா கட்டும் பணமும், சுற்றுலா வருமானமும் இருப்பது இரண்டாவது ஊரிடம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அந்தப் பொன் எந்த ஊரின் கைக்குப் போகிறது? இந்த வழக்கில் உண்மையாகத் தீர்க்கப்பட வேண்டியது அதுதான்.

பூங்காவுக்குக் கீழே இருந்த வீடுகள்

ஆர்ம்ஸ்ட்ராங் பூங்கா அமைந்திருக்கும் இடத்தின் பெயர் திரெமே. அமெரிக்காவின் மிகப் பழமையான கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று. வாத்தியக் குழுக்களும் ஊர்வலங்களும் தழைத்த மண். ஒரு பெரிய கலாசார மையம் கட்டுவதற்காக அங்கே பல தெருக்களை நகரம் கையகப்படுத்தி, வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கியது. குடியிருந்த குடும்பங்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். நெடுங்காலம் வெற்றிடமாகக் கிடந்த அந்த நிலத்தில்தான் 1980இல் பூங்கா வந்தது. அதே வட்டாரத்தில் கிளேபோர்ன் சாலையின் நடுவே நிழல் தந்த ஓக் மரங்கள் 1966இல் வெட்டப்பட்டன. மக்கள் திருவிழாக் கொண்டாடிய அந்த நிழலுக்குப் பதிலாக உயர்மட்ட நெடுஞ்சாலை எழுந்தது.

இசையை வளர்த்த மக்களை அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்துக்கு அவர்கள் பிள்ளையின் பெயரைச் சூட்டுவது எந்த வகையில் மரியாதை?

இது பழைய கதை என்றும் ஒதுக்கிவிட முடியாது. 2005இல் கத்ரினா சூறாவளி தாக்கிப் பல இசைக் கலைஞர்கள் வீடு வாசலை இழந்து சிதறினார்கள். 2007 அக்டோபரில், காலமான ஒரு வாத்தியக் கலைஞருக்காகத் திரெமே தெருவில் நண்பர்கள் வாசித்துக்கொண்டு போனபோது, அனுமதி இல்லை என்று போலீஸ் வாகனங்கள் வந்து ஊர்வலத்தை நிறுத்தின. கலைஞர்கள் இருவர் கைது செய்யப்பட்டனர். சிறுவன் ஆர்ம்ஸ்ட்ராங் பின்னால் ஓடியதும் இதே மாதிரி ஓர் ஊர்வலத்தின் பின்னால்தான்.

கர்நாஃப்ஸ்கி குடும்பத்தின் கடைக் கட்டடம் சவுத் ராம்பார்ட் தெருவில் நீண்ட காலம் பாழடைந்து நின்றது. தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் அதன் பெயர் இருந்தது. 2021 ஆகஸ்டு 29ஆம் நாள் வீசிய ஐடா சூறாவளியில் அது இடிந்து விழுந்தது. பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் கூரை நிற்காது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கடனைத் தீர்க்கும் வழி

நியூ ஆர்லியன்சைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது இந்த உரையின் நோக்கமல்ல. அதே ஊரில் வேறு வகைச் செயல்களும் நடந்திருக்கின்றன.

கத்ரினாவுக்குப் பிறகு, அந்த ஊரில் பிறந்த இசைக் கலைஞர்கள் ஹாரி கானிக் ஜூனியரும் பிரான்ஃபர்ட் மார்சாலிசும் ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 'கலைஞர் கிராமம்' ஒன்றை உருவாக்கினார்கள். 72 வீடுகள். வங்கிக் கடன் கிடைக்காத சாதாரண வாத்தியக் கலைஞர்களும் அங்கே வீடு வாங்க முடிந்தது. அதன் நடுவே பிரான்ஃபர்டின் தந்தை எல்லிஸ் மார்சாலிஸ் பெயரில் இசை மையம் 2011இல் திறக்கப்பட்டது.

2007இல் 'ரீபர்த்' வாத்தியக் குழுவின் மேளக் கலைஞர் டெரிக் டாப், பள்ளிப் பிள்ளைகளுக்காக 'ரூட்ஸ் ஆஃப் மியூசிக்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பள்ளி முடிந்ததும் பிள்ளைகளுக்கு வாத்தியப் பயிற்சி, பாடத்தில் உதவி, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் இலவசம். 1913இல் ஒரு சீர்திருத்த இல்லத்தில் பீட்டர் டேவிஸ் செய்த வேலையை, பிள்ளைகள் சீர்திருத்த இல்லத்துக்குப் போகும் முன்பே செய்கிற முயற்சி இது.

காங்கோ சதுக்கத்துக்கும் ஒரு திருத்தம் நடந்தது. அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படைத்தலைவர் ஒருவரின் பெயரை அந்தச் சதுக்கத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைத்திருந்தார்கள். மக்கள் விடாமல் காங்கோ சதுக்கம் என்றே அழைத்து வந்தார்கள். 2011இல் நகர மன்றம் மக்கள் அழைத்த பெயரையே அதிகாரப் பெயராக்கியது.

இந்தச் செயல்களில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. மறைந்தவரின் பெயரைப் பயன்படுத்திக்கொள்வதோடு இவை நின்றுவிடவில்லை. அவரை உருவாக்கிய மக்களுக்கு இவை எதையோ திருப்பிக் கொடுக்கின்றன. ஆர்ம்ஸ்ட்ராங்கும் அப்படித்தான் நினைத்தார். அவரும் லூசிலும் 1969இல் தங்கள் பணத்தில் ஒரு கல்வி அறநிறுவனத்தைத் தொடங்கினார்கள். உலகம் தனக்குத் தந்ததில் கொஞ்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

நம் வட்டாரத்திலும்

இது அமெரிக்கக் கதை, நமக்கு என்ன என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். பி. ரம்லி பினாங்கில் பிறந்தார். படங்களால் புகழ் பெற்றது சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில். 1964இல் கோலாலம்பூருக்கு வந்து, வாய்ப்புகள் குறைந்து, 1973இல் 44 வயதில் மறைந்தார். இன்று பினாங்கில் அவர் பிறந்த வீடும், செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடும் நினைவில்லங்களாக இருக்கின்றன. சாலைகளுக்கு அவர் பெயர் இருக்கிறது. கடைசிக் காலத்தில் கைவிட்டவர்களும் இன்று அவரை 'எங்கள் கலைஞர்' என்கிறோம். அப்படிச் சொல்லும் உரிமையோடு ஒரு கணக்கும் சேர்ந்தே வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

தீர்ப்பு

இசைக்கு ஊர் ஏது, அது உலகத்துக்கே பொது என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த இசையைக் கற்றுக் கொடுத்தவருக்கும், வாத்தியத்துக்குக் காசு கொடுத்தவருக்கும் பெயரும் முகவரியும் இருந்தன. உலகத்துக்குப் பொது என்று சொல்லி அவர்களை மறந்துவிடுவது நியாயமாகாது.

ஆகவே, பிறந்த ஊர் உரிமை கோரலாமா என்ற கேள்விக்குப் பதில், கோரலாம் என்பதே. ஆனால் அந்த உரிமை, சொத்துக்கு வாரிசு கேட்கும் உரிமையாக இருக்கக் கூடாது. கடன் வாங்கியவர் 'ஆம், இந்தக் கடன் என்னுடையது' என்று ஒப்புக்கொள்ளும் உரிமையாக இருக்க வேண்டும். அந்தக் கடனில் மூன்று தவணைகள் உண்டு. நடந்த நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் சொல்வது முதல் தவணை. எஞ்சியிருக்கும் வீட்டையும் தெருவையும் விழுமுன் காப்பது இரண்டாவது. அதே குடியிருப்பில் இன்று வளரும் பிள்ளையின் கையில் ஒரு வாத்தியத்தைக் கொடுப்பது மூன்றாவது.

கொரோனா தன் பங்கைக் கட்டியிருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் கொஞ்சம் கட்டியிருக்கிறது, இன்னும் நிறையப் பாக்கி வைத்திருக்கிறது. விமான நிலையத்தின் வாசலில் பெரிய எழுத்தில் பெயர் எழுதுவது சுலபம். ஊர்வலத்தில் வந்த சிறுவனுக்காகக் கையில் இருந்த கடைசிக் காசைக் கொடுத்தார்களே, அந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஊரில் குடியிருக்க இடம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் மீதியைக் கணக்குப் பார்க்க வேண்டும்.